நிகழ்பட நாடாவை இறுவட்டுக்கு மாற்றுதல்

நிகழ்பட நாடாவை இறுவட்டுக்கு மாற்றுதல் என்பது வி.எச்.எஸ். போன்ற பழைய காந்த நாடாக்களில் உள்ள அனலாக் பதிவுகளை எண்ணிமக் கோப்புகளாக்கி, டிவிடி இறுவட்டில் எழுதும் செயலாகும். பேச்சு வழக்கில் இது "வீடியோ கேசட்டை டிவிடியில் போடுதல்" எனப்படுகிறது. 1980களிலும் 1990களிலும் எடுக்கப்பட்ட திருமணப் பதிவுகள் பல இன்னும் நாடாவில் மட்டுமே உள்ளன.

வி.எச்.எஸ். முறையைச் சப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. இந்நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் உற்பத்தியை நிறுத்தியது. எனவே நாடா கெடாமல் இருந்தாலும் அதை ஓட்டுவதற்கு நல்ல கருவி கிடைப்பது அரிதாகி வருகிறது.

நாடாவை ஆயத்தம் செய்தல்

பேழையின் விளிம்பில் உள்ள சிறு நெகிழித் தகட்டை முதலில் உடைத்துவிட வேண்டும். அதன்பின் தவறுதலாகவும் அதில் மறுபதிவு செய்ய இயலாது. நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் தெரிந்தால் அதை ஓட்டக்கூடாது. பூஞ்சணம் வி.சி.ஆரின் தலைகளில் ஒட்டி, அடுத்து இடப்படும் நாடாவுக்கும் பரவும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இது அடிக்கடி காணப்படும் சிக்கலாகும்.

பதிவு செய்தல்

வி.சி.ஆரின் மஞ்சள் முனை படத்தையும், வெள்ளை, சிவப்பு முனைகள் ஒலியையும் தருகின்றன. இவற்றை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணையும் கேப்சர் கருவியில் செருக வேண்டும். இந்தியா, இலங்கை நாடாக்கள் பால் முறையைச் சார்ந்தவை. 720×576 படவணுக்களும் நொடிக்கு 25 சட்டகங்களும் தெரிவு செய்யப்பட வேண்டும். கனடாவில் இருந்து உறவினர் அனுப்பிய நாடா என்டிஎஸ்சி முறையில் இருக்கக்கூடும். பால் முறைக்கு மட்டுமேயான கருவியில் அது சரிவர ஓடாது.

பால் முறை வி.சி.ஆரில் தலைகள் பொருத்திய உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு ஒரு சட்டகம். நாடா சற்று நீண்டிருந்தாலும் இந்த நேரக்கணக்கு பிசகும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். கேப்சர் கருவியோ சட்டகங்களைத் தவறவிடும். உதட்டசைவும் ஒலியும் சிறிது சிறிதாக விலகிப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். டைம் பேஸ் கரெக்டர் என்னும் திருத்தி இக்குறையைப் பெருமளவு போக்கும். சில உயர்தர வி.சி.ஆர்.களில் இது உள்ளமைந்தே வரும்.

மூன்று மணிநேர நாடாவைப் பதிய மூன்று மணிநேரம் ஆகும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

இறுவட்டில் எழுதுதல்

ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. இரண்டு மணிநேரப் பதிவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டு கிடைக்கும். பழைய நாடாவின் படம் மங்கலாக இருப்பதால் குறைவான பிட்டுகளே போதும் என எண்ணுவது தவறு. படத்தில் நெளியும் இரைச்சல் புள்ளிகள் எம்பெக்-2 சுருக்கத்துக்குக் கடினமானவை. ஒரே வட்டில் மூன்று மணிநேரத்தை அடைத்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். இரு வட்டுகளாகப் பிரிப்பதே நன்று.

எழுதத்தக்க வட்டுகளின் சாயப்படலம் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையக்கூடியது. ஆகவே மூலக்கோப்பின் படி ஒன்றை வன்தட்டிலும் வைத்திருத்தல் வேண்டும். மாற்றி முடித்த நாடாவையும் எறிந்துவிடாமல், முழுவதும் பின்சுற்றி, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கலாம். பின்னர் இதைவிட நல்ல கருவி கிடைத்தால் மீண்டும் பதிய முடியும்.