கடல் ஓதமும் கொசைன் சார்பும்: ஒற்றை உறுப்பு ஏன் போதாது?

காலமுறை இயக்கங்களை முக்கோணவியல் சார்புகளால் விளக்கும் பாடநூல்கள் கடல் ஓதத்தை எடுத்துக்காட்டாகத் தருவதுண்டு. சராசரி நீர்மட்டத்துடன் ஒரு கொசைன் உறுப்பைக் கூட்டுவதோடு அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வீச்சு, ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடைப்பட்ட உயரத்தில் பாதி. அலைவுநேரம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஓரிரு நாள் தரவுக்கு இது நன்கு பொருந்தும். அந்தப் பொருத்தமே மாணவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நிலவால் எழும் முதன்மை உறுப்பின் அலைவுநேரம் 12.42 மணி, கதிரவனுக்குரியது 12 மணி. கோண வேகங்கள் முறையே மணிக்கு 28.984 பாகை, 30 பாகை. வேறுபாடாகிய 1.016 பாகையால் 360ஐ வகுத்தால் ஏறத்தாழ 354 மணி, அதாவது 14.77 நாள் கிடைக்கிறது. இக்கால அளவுக்குள் இரு உறுப்புகளும் ஒருமுறை ஒத்த கட்டத்திலும் ஒருமுறை எதிர்க்கட்டத்திலும் அமைகின்றன. வீச்சுகளை 30 செ.மீ., 12 செ.மீ. எனக் கொள்வோம். ஒத்த கட்டத்தில் கூட்டு வீச்சு 42 செ.மீ.; எதிர்க்கட்டத்தில் 18 செ.மீ. எனவே ஏற்ற வற்ற வேறுபாடு 84 செ.மீ. முதல் 36 செ.மீ. வரை மாறும். முழுநிலவு, மறைநிலவு நாள்களை ஒட்டி ஓதம் ஓங்குவதும் அட்டமியை ஒட்டி அடங்குவதும் இதனால்தான். ஒலியியலில் இதனை விம்மல் என்கிறோம், கணிதம் ஒன்றே.

ஆகவே, இவ்விரு உறுப்புகளையும் நேரடியாகப் பிரித்தறியக் குறைந்தது 15 நாள் பதிவு வேண்டும். மூன்று நாள் தரவுக்குப் பொருத்திய வளைவரையை அடுத்த வாரத்திற்கு நீட்டுவோர் வீச்சில் பெரும்பிழை செய்வர். பொருத்தத்தின் நேர்த்தி அப்பிழையை முன்கூட்டிக் காட்டாது.

அலைவுநேரங்களை வானியல் தருகிறது. வீச்சும் கட்டமும் அவ்வாறல்ல. கடலடியின் ஆழத்திற்கும் கரையின் வடிவத்திற்கும் ஏற்ப அவை இடந்தோறும் மாறுவதால், நேரளவீட்டிலிருந்தே பெறப்பட வேண்டும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1872இல் வடிவமைத்த ஓதக் கணிப்புப் பொறி இவ்வேறுபாட்டின் மீதே அமைந்தது. ஓர் உறுப்புக்கு ஒரு கப்பி. கப்பிகள் அனைத்தின் மீதும் ஓடிய ஒரே இழை அவற்றின் கூட்டுத்தொகையை வரைந்தது. இந்தியத் துறைமுகங்களுக்கென எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த பொறி 1879இல் இலண்டனில் உருவாயிற்று.

உறுப்புகளைக் கூட்டுவது முன்கணிப்புக்கு மட்டும் பயன்படுவதன்று. 2004 டிசம்பர் 26 அன்று சென்னைத் துறைமுக ஓதமானியின் பதிவில் வழக்கமான ஓதமும் ஆழிப்பேரலையும் கலந்தே இருந்தன. வானியல் உறுப்புகளின் கூட்டுத்தொகையைக் கழித்த பின்னரே பேரலையின் உயரத்தைத் தனியே அளக்க இயலும். ஒற்றைக் கொசைனைக் கழித்தால், எஞ்சுவதில் ஓதத்தின் ஒரு பகுதியும் பேரலையாக எண்ணப்பட்டுவிடும்.