‘அருளர்’ அல்பமும் அதில் இல்லாத எங்கள் கதையும்

கொட்டாஞ்சேனையில் நான் தமிழ் கற்பிக்கும் தரம் 11 வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாகவே இருக்கிறார்கள். போன தவணையில் ஒருநாள் இடைவேளை முடிந்து உள்ளே போனபோது, ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். எம்.ஐ.ஏ.யின் பாட்டு. ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், இவ யாழ்ப்பாணமாமே, உண்மையா?” உண்மைதான் என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொருவன், யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, மெதுவாகக் கேட்டான்: “அப்ப இதுல எங்கட கதயும் ஈக்கா டீச்சர்?”

அன்று மணியடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை; அதை உலமாக்கள் பேசட்டும். இது ஓர் அரசியல் அல்பம் எப்படி உருவானது, அது யாரை நினைவில் வைத்தது என்பது பற்றிய கட்டுரை.

எம்.ஐ.ஏ. என்பவர் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். 1986இல் தாய் கலாவோடும் சகோதரர்களோடும் அகதியாக மீண்டும் லண்டன் போனார். அங்கே மிச்சம் என்ற பகுதியில் அரசாங்க வீடமைப்புத் தொடரில் வளர்ந்தார். சென்ட்ரல் சென்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் அவர் படித்தது சினிமா, சங்கீதம் அல்ல. எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்து, போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் இராணுவச் சொல். காணாமற்போன தன் மச்சான் ஒருவரின் நினைவும் அந்தப் பெயரில் இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அரசியல் பாட்டு என்றால் வியட்நாம் காலத்து ரொக் குழுக்களும் அவர்களின் கிட்டாரும்தான் பலருக்கு நினைவு வரும். மாயாவின் முதல் அல்பம் பிறந்ததோ ஒரு பெட்டியில். ரோலண்ட் எம்.சி.-505 என்ற அந்தக் கருவியில் தாளத்தையும் மெட்டையும் பொத்தான் அழுத்தியே கட்டலாம். எலாஸ்டிகா என்ற ஆங்கில ரொக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற கனேடியப் பாடகி அதை அவருக்கு அறிமுகப்படுத்தினார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் பிரிஷ்மனிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கி, பழைய நாலு தட ரேப் பதிவுக் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு, படுக்கையறையிலிருந்தே ஆறு பாட்டுகளைச் செய்தார். அவற்றில் ஒன்றான ‘கலாங்’ 2003இல் வெறும் 500 பிரதிகளாக வெளிவந்தது. அது கைமாறிக் கைமாறிப் பரவ, எக்ஸ்.எல். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. முழு அல்பமும் 2005 மார்ச்சில் வந்தது. பெயர் ‘அருளர்’.

அருளர் என்பது தந்தை அருள்பிரகாசத்தின் இயக்கப் பெயர். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்றே எழுதின. அது பிழை. 1975இல் லண்டனில் இரத்தினசபாபதி தலைமையில் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககால உறுப்பினர் அவர். நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஈரோஸ் வடக்கு கிழக்குத் தமிழரை மட்டுமன்றி மலையக மக்களையும் முஸ்லிம்களையும் தன் அரசியலுக்குள் சேர்த்துப் பேசிய இயக்கம். பஷீர் சேகுதாவூத் அரசியலுக்கு வந்ததும் ஈரோஸ் வழியாகத்தான். அதன் ஆரம்ப உறுப்பினர்கள் ஆயுதப் பயிற்சி பெற்றது லெபனானில், பலஸ்தீன இயக்கத்தவர்களிடம்.

அருளர் ஓர் எழுத்தாளரும்கூட. 1977 கலவரத்தில் கொழும்பில் அகதிகளான தமிழரை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதினார். நான் இருக்கும் வெள்ளவத்தையில் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும் வயதானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்பன் நாவலில் செய்ததை மகள் பாட்டில் செய்யப் பார்த்தார் என்று நான் சொல்வேன். ஆனால் அந்த அப்பன் வீட்டில் இருந்ததில்லை. பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றே அறிமுகம் செய்தார்களாம். அல்பத்துக்கு அவர் பெயரை வைத்தால் எங்கிருந்தாவது தொடர்பு கொள்வார் என்று மகள் நினைத்தார். தொடர்பும் வந்தது: பெயரை மாற்று என்று ஒரு மின்னஞ்சல். அவர் மாற்றவில்லை.

‘சன்ஷவர்ஸ்’ பாட்டின் காணொளி தென்னிந்தியக் காடுகளில் எடுக்கப்பட்டது. பாட்டில் பி.எல்.ஓ. பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அதற்காக அமெரிக்க எம்.ரீ.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. அவரும் சொல்லை மாற்றவில்லை. இதைக் கேட்டு நம்மவர் பலர் அவரை மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன்.

ஒரு ஆசிரியையாக எனக்குப் பிடித்தது வேறொன்று. அல்பம் தொடங்கியதும் ‘பனானா ஸ்கிட்’ என்று அரை நிமிடத் துண்டு வருகிறது. ஒரு பழத்தின் பெயரை அசை அசையாகப் பிரித்து, வகுப்பில் ஒப்புவிப்பதுபோல் சொல்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத அகதிப் பிள்ளை புதிய நாட்டின் வகுப்பறையில் முதல்நாள் உட்காருவது அப்படியே கண்ணில் தெரிகிறது. கலாசாலையில் எங்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பக்கம் பக்கமாகப் படிப்பித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நாக்கு எப்படி வரண்டுபோகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இனி, எனக்கு நெருடுகிற இடம்.

அல்பத்தின் அட்டையிலும் காணொளிகளிலும் ஸ்டென்சிலில் வெட்டி வர்ணம் தெளித்த படங்கள்: யுத்தத் தாங்கி, குண்டு, தென்னை, பிறகு புலி. லண்டனில் அது ஒரு அழகான வடிவம். கொழும்பில் அது வேறு. லண்டனிலிருந்து வந்த என் தங்கை அந்த இறுவட்டைக் கொண்டுவந்தபோது, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நான் கேட்டேன். சோதனைச் சாவடிப் பயம் ஒன்று. மற்றது, 1990. அந்த வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

மாயா நாட்டை விட்டுப் போனது 1986இல். அந்த அல்பத்தில் இருக்கும் இலங்கை, பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று இராணுவத்துக்குப் பயந்து ஒளிந்த இலங்கை. அது பொய்யல்ல. அந்தப் பயம் எங்கள் தமிழ் அயலவர்களின் வீடுகளில் இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அல்பம் வந்தது 2005இல். 2001இல் அவர் கேமராவோடு இங்கே வந்து உறவினர்களைப் படம்பிடித்துமிருக்கிறார். ஸ்டீவ் லவ்ரிஜ் 2018இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் அந்தக் காட்சிகளைப் பார்க்கலாம். அவருடைய ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அப்போது பதினொரு வருடமாகப் புத்தளத்து முகாம்களில் இருந்தார்கள். பலஸ்தீனம் அந்த அல்பத்தில் இருக்கிறது. புத்தளம் இல்லை.

இதற்காக அவரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவல் பெட்டியோடு அறைக்குள் இருந்த ஒரு இளம்பெண் இந்த நாட்டு யுத்தத்தின் எல்லாப் பக்கத்தையும் பாட வேண்டும் என்று கேட்பது நியாயமுமில்லை. ஆனால் ‘இலங்கை அகதிகளின் குரல்’ என்று வெளிநாட்டார் அவரைக் கொண்டாடும்போது, எந்த அகதிகள் என்று கேட்கிற உரிமை அந்தத் தரம் 11 பிள்ளைக்கு உண்டு.

அடுத்த கிழமை வகுப்பில் அவனுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். அல்பத்தில் இல்லை மகன், என்றேன். பிறகு எல்லாருக்கும் ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன்: வீட்டில் மூத்தவர் ஒருவர் இடம்பெயர்ந்த கதையைப் போனில் பதிந்து, எழுத்தாக்கிக் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சிலர் 83ஐக் கொண்டுவந்தார்கள். அவன் தன் உம்மம்மாவின் குரலைக் கொண்டுவந்தான், பதினேழு நிமிடம். வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார் என்பதிலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். பின்னால் மின்விசிறியின் இரைச்சல். எழுத்தாக்கும்போது அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டான். எழுது என்றேன்.