டீ போட எலக்ட்ரிக் கெட்டில்: வாங்கும் முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள்



ரமலான் நெருங்கினால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் சகோதரிகள் கேட்கும் கேள்விகளில் எலக்ட்ரிக் கெட்டிலும் ஒன்றாகிவிட்டது. ஸஹர் நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, தூக்கக் கலக்கத்தில் நின்று டீ போடுவதைவிட இது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பது மூன்று விஷயங்கள். கரண்ட் பில் ஏறுமா? பாலையும் அதிலேயே காய்ச்சலாமா? ஷாக் அடிக்குமா?

பில்லைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஷாக்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. உண்மையில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது அந்த மூன்றாவது கேள்விக்குத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செலவு எவ்வளவு?

கடைகளில் கிடைக்கும் கெட்டில்களில் பெரும்பாலானவை 1500 வாட்ஸ். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். அதற்குச் செலவாகும் மின்சாரம் சுமார் 0.1 யூனிட். அதாவது ஒரு யூனிட்டில் 10 லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். ஒரு குடும்பம் தினமும் 3 லிட்டர் கொதிக்க வைத்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 90 ரூபாய்.

இதே 3 லிட்டரை கேஸ் அடுப்பில் வைத்தால்? ஒரு லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கேஸ் செலவாகும். இரண்டு மாதத்துக்கு 1.8 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் 850 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 108 ரூபாய் வருகிறது. ஆக, பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016இல் வந்தது. சிறிய குடும்பங்களுக்கு இந்த 18 யூனிட் சுமையாக இருக்காது. ஆனால் ஏசி, மோட்டார் என்று ஏற்கெனவே அதிக யூனிட் ஓடும் வீட்டில் ஒவ்வொரு யூனிட்டும் கூடுதல் விலைக்கு வரும். உங்கள் பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு டம்ளர் டீக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மீதியைக் கொட்டுவது வீண் விரயம். தேவையான அளவு ஊற்றுங்கள். ஆனால் கெட்டிலின் உள்ளே இருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது.

தானே அணைவது எப்படி?

1955இல் பிரிட்டனில் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் கே1 என்ற கெட்டிலை வெளியிட்டது. தண்ணீர் கொதித்ததும் அது தானே அணையும். இன்று நம் வீட்டில் இருக்கும் கெட்டிலும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்னத் தகடு ஒன்று உள்ளே இருக்கும். கொதிக்கும் நீராவி ஒரு துளை வழியாக வந்து அதன்மேல் படும். ஒரு உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் புரியும். மூடியைத் திறந்து வைத்தால் நீராவி மேலே போய்விடும், தகட்டுக்கு வராது. கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். எனவே மூடியை நன்றாக அழுத்தி மூடிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

அடுப்பில் வைத்ததை மறந்துவிடும் வயதானவர்களுக்கு, தனியாக வசிப்பவர்களுக்கு, கெட்டிலின் பெரிய உதவியே இந்தத் தானியங்கி சுவிட்ச்தான். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் கசியும் பயம் இதில் இல்லை.

பால் காய்ச்சலாமா?

வேண்டாம். சாதாரண கெட்டில் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. பாலை ஊற்றினால் அடித்தட்டில் ஒட்டிக் கருகும். பொங்கும் நுரை நீராவி போகும் துளைக்குள் புகுந்து சுவிட்சைக் கெடுக்கும். வழிந்து அடிப்பலகையின் கனெக்ஷனில் இறங்கினால் ஷார்ட் ஆகலாம். டீத்தூள், சர்க்கரை, இஞ்சி எதையும் கெட்டிலுக்குள் போடக் கூடாது.

அப்படியானால் டீ எப்படிப் போடுவது? நான்கு டம்ளருக்கு அரை லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வையுங்கள். ஒரு பாத்திரத்தில் 4 டீஸ்பூன் டீத்தூளும், தட்டிய இஞ்சியும் ஏலக்காயும் போட்டு, கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றி உடனே மூடுங்கள். 4 நிமிடம் கழித்து வடிகட்டினால் நல்ல டிக்காஷன் கிடைக்கும். "கெட்டில் டீ சப்பென்று இருக்கிறது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூடி வைக்காமல், சீக்கிரமே வடிகட்டிவிடுபவர்கள்தான். ஆவின் பாக்கெட் பாலை அடுப்பில் தனியாகக் காய்ச்சிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸஹருக்கு அடுப்பே வேண்டாம் என்றால் பால் பவுடர் கலக்கலாம், அல்லது எலுமிச்சை பிழிந்து சுலைமானியாகக் குடிக்கலாம்.

ஷாக் அடிக்குமா?

இதுதான் முக்கியமான இடம். பதில் கெட்டிலில் பாதி, உங்கள் வீட்டு வயரிங்கில் பாதி இருக்கிறது.

நம் வீடுகளில் மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சிறிய சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட்ஸ். 1500 வாட்ஸ் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதாவது சாக்கெட்டின் அளவைத் தாண்டிவிடுகிறது. முதல் நாளே ஒன்றும் ஆகாது. நாள்பட சாக்கெட் சூடாகி, கறுத்து, உருகத் தொடங்கும். டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலைச் செருகினால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அதன் ஒயர் மெல்லியது. ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் போடும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் வேண்டாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் கெட்டில் போடாதீர்கள். வீடுகளில் இருக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இந்த லோடைத் தாங்காது.

அடுத்தது எர்த். கெட்டிலின் உடல் பெரும்பாலும் ஸ்டீல். உள்ளே இன்சுலேஷன் பழுதானால் அந்த ஸ்டீலுக்கே கரண்ட் வந்துவிடும். எர்த் இருந்தால் அந்தக் கரண்ட் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தொடுபவர் உடல் வழியாகப் போகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

"மெயினில் எம்.சி.பி. இருக்கிறதே, டிரிப் ஆகிவிடாதா?" என்று கேட்பீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6000 மில்லி ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். மனிதனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். இதற்கென்று இருக்கும் கருவி ஆர்.சி.சி.பி. அதில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அரை நொடிக்குள் லைனை வெட்டிவிடும். எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் இருப்பதே முழுப் பாதுகாப்பு.

ஒளு செய்துவிட்டு ஈரக் கையோடு வந்து பிளக்கைத் தொடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். தண்ணீர் நிரப்பும்போதும் ஊற்றும்போதும் கெட்டிலை அடிப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அணைந்த பிறகு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கழுவும்போது கெட்டிலைத் தண்ணீரில் முக்கக் கூடாது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில்

ஒரே அறை உள்ள வீடுகளில் பிளக் பாயிண்ட் கீழே இருப்பதால் கெட்டிலைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது. மேடையில் வைத்தாலும் ஒயர் கீழே தொங்கக் கூடாது. குழந்தை அதைப் பிடித்து இழுத்தால் கொதிநீர் முழுவதும் அதன் மேல் விழும். கெட்டில் அணைந்து பத்து நிமிடம் ஆனாலும் அந்தத் தண்ணீர் தோலை வேகவைக்கும் சூட்டில்தான் இருக்கும்.

அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், அப்படி நடந்துவிட்டால் உடனே சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்திலிருந்து மக்கில் மொண்டு தொடர்ந்து ஊற்றுங்கள். டூத் பேஸ்ட், இங்க், மாவு, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மர்ம உறுப்புகளில் பட்டிருந்தாலோ 108க்கு அழையுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வெள்ளைப் படிவு

நம் பகுதியில் போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் கெட்டிலின் அடியில் சீக்கிரமே வெள்ளையாக உப்பு படியும். அது விஷமில்லை, தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான். ஆனால் படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகத் தாமதமாகும், கரண்டும் கூடும், அடித்தட்டும் சீக்கிரம் கெடும். மாதம் ஒருமுறை இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் அரை கெட்டில் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். சுரண்டாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும்

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு லிட்டர் போதும். வெளிப்பக்கம் சுடாத இரட்டைச் சுவர் கெட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது.

ரமலானில் வசதியில்லாத குடும்பங்களுக்கும், தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் கெட்டில் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், அந்த வீட்டில் பவர் பிளக்கும் எர்த்தும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் முதலில் எர்த்தைச் சரிசெய்து கொடுப்பதே பெரிய உதவி.

நம்மில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடியிருப்பவர் வாடகை தருகிறார். அந்தச் சுவருக்குள் ஓடும் ஒயர் உங்கள் பொறுப்பு. அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் எர்த்தைப் பரிசோதித்து ஓர் ஆர்.சி.சி.பி. போட்டுக் கொடுங்கள். அந்தக் குடும்பத்தின் உயிர் உங்கள் கையில் இருக்கும் அமானிதம்.

சொந்தச் செலவில் வயரிங் பார்க்க முடியாதவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஸஹர் டீ எல்லா வீட்டிலும் நிம்மதியாகக் கொதிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்