பழைய ஜீப் வாங்க விரும்புவோர் கவனத்துக்கு

பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்டிப் பார்க்கும் ஆசை பட்டணத்துப் பணக்காரர்களோடு நின்றுவிடவில்லை. அரக்கோணம், நெமிலி, சோளிங்கர் பக்கத்து உழவர் வீடுகளிலும் அது எட்டிப் பார்க்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் கரும்புப் பணம் கைக்கு வந்த வாரத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைய நேரிடும். எஞ்சின் கெட்டிருந்தால் பட்டறையில் சரிசெய்து கொள்ளலாம். காகிதம் கெட்டிருந்தால் எந்தப் பட்டறையிலும் அதற்கு மருந்து கிடையாது. ஆகவே முதலில் ஆர்.சி. புத்தகம், அடுத்து சேஸிஸ், கடைசியில்தான் எஞ்சின் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

ஜீப்புக்கும் உழவுக்கும் உறவு பழையது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி அதே வண்டியைச் சற்று மாற்றி, சி.ஜே.-2ஏ என்ற பெயரில் விவசாயிகளுக்கென்றே விற்றது. கலப்பை இழுக்கவும், எஞ்சின் சுழற்சியை எடுத்து மரம் அறுக்கும் யந்திரம் போன்றவற்றை ஓட்டவும் அதில் வசதி இருந்தது. இந்தியாவில் மகிந்திரா கம்பெனி 1947இல் பிரித்த பாகங்களாக ஜீப்புகளைத் தருவிக்கத் தொடங்கி, பின்னர் இங்கேயே உற்பத்தி செய்தது. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு கிராமத்து ஜனங்களுக்கு ஜீப் என்றாலே பி.டி.ஓ. ஜீப்தான்.

அதற்காக நம் ஊர் நஞ்சையில் ஜீப்பை இறக்கி உழலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சேற்றுழவுக்கு அது ஆகாது. டிராக்டர் செய்கிற வேலையை டிராக்டரும், பவர் டில்லர் செய்கிற வேலையைப் பவர் டில்லரும் செய்யட்டும். ஜீப் வாங்குவது பொழுதுபோக்குக்கு என்று தெளிவாக வைத்துக்கொண்டால் கணக்கும் தெளிவாக இருக்கும்.

எந்த வண்டி என்று அறிவது எப்படி?

பச்சை வர்ணம் அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் போட்டு, ‘இது போர்க்கால வண்டி’ என்று விலை ஏற்றுவது ஒரு வியாபாரத் தந்திரம். போர்க்கால ஜீப்பின் முன்பக்கத் தகட்டில் பெரும்பாலும் ஒன்பது நீளத் துவாரங்கள் இருக்கும். பின்னால் திறக்கும் கதவு இராது. உபரிச் சக்கரம் பின்புறம் மாட்டப்பட்டிருக்கும். பின்னர் வந்த சி.ஜே. வகைக்கு ஏழு துவாரம், பின்கதவு உண்டு, உபரிச் சக்கரம் பக்கவாட்டில். இந்தியாவில் மிகுதியாக ஓடிய சி.ஜே.-3பி வண்டியை அதன் உயரமான பானெட்டைக் கொண்டே கண்டுகொள்ளலாம். வால்வுகளில் ஒரு பாதியை மேலே வைத்து எஞ்சினின் சக்தியைக் கூட்டியதால் எஞ்சின் உயரமாயிற்று. அதற்கு இடம் கொடுக்கப் பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. பார்வைக்குச் சற்று முரடு என்றாலும், நம் நாட்டில் உதிரி பாகம் எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான். முதன்முறை வாங்குவோருக்கு இதுவே உகந்தது.

ராணுவக் கழிவு ஏலத்தில் வந்த ஜோங்கா இன்னொரு வகை. நிசான் பேட்ரோல் வண்டியைப் பார்த்து 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. ஏறக்குறைய 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வலுவுக்குக் குறைவில்லை, பெட்ரோல் குடிப்பதிலும் குறைவில்லை. இதை வாங்குவோர் ஏலத்தில் எடுத்ததற்கான அசல் காகிதங்களையும், பிறகு பொதுப் பதிவு செய்த ஆர்.சி.யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘பதிவு அப்புறம் செய்துகொள்ளலாம்’ என்று சொல்லப்படும் ஜோங்காவை விட்டு ஒதுங்குவதே நல்லது.

காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் பொறித்த இடம் ராவப்பட்டோ, மேலே பற்ற வைக்கப்பட்டோ இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

கிராமத்து ஜீப்புகளில் அடிக்கடி வரும் சிக்கல், ஆர்.சி. காலமான தாத்தாவின் பெயரிலேயே இருப்பது. பேரன் ஒருவர் கையெழுத்துப் போட்டு விற்றால் அது செல்லாது. வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து, ஒருவர் பெயருக்கு முதலில் மாற்றி, அதன் பின்பே வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பங்காளித் தகராறு உள்ள வீட்டு ஜீப் தகராறு உள்ள வீட்டு நிலத்தைப் போலத்தான். அடுத்து, பழைய கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் நிதிக் கம்பெனியின் பெயர் நீங்காமல் இருக்கும். அதை நீக்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று பேசிக்கொள்ள வேண்டும். பக்கத்து ஆந்திரத்துப் பதிவு எண்ணாக இருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்றும் தேவை.

மூன்றாவது, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திய வண்டிகள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பலர் இப்படிச் செய்தார்கள். மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் தொல்லையில்லை. ஏறாவிட்டால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

பதிவில் இரண்டு வழிகள் உண்டு. வண்டியின் சாதாரணப் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்து வருவது ஒன்று. 20 ஆண்டு கடந்த இலகு ரக வண்டிக்கு இதற்கான கட்டணம் 2025இல் ரூ.10,000 ஆக உயர்ந்தது. மற்றொன்று, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழம்பெரும் வாகனப் பதிவு. முதற்பதிவு ஆகி 50 ஆண்டுக்கு மேலான, அசல் உருவம் பெரிதும் மாறாத வண்டிக்கு இது கிடைக்கும். புதிதாகப் பதிய ரூ.20,000, 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க ரூ.5,000.

கேட்க இரண்டாவது வழி நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. காய்கறிக் கூடையை ஏற்றிச் சந்தைக்குப் போகவும், வயலுக்கு உர மூட்டை கொண்டு போகவும் நினைக்கும் சிறு விவசாயி இந்தப் பதிவுக்கு மாறினால் கையைக் கட்டிப் போட்டுக்கொண்டதாகும். அவருக்குப் பழைய பதிவைக் காப்பாற்றி வருவதே மேல்.

சேஸிஸும் எஞ்சினும்

வண்டியை மேட்டில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மொத்தென்று சொல்லும். பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும், பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்ப்பது அவசியம். பாடித் தகட்டின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினால், பட்டி பூசி மறைத்த இடத்தில் பிடிக்காமல் நழுவும். தகடு போனால் டிங்கர் வேறு தகடு வைப்பார். சேஸிஸ் வளைந்திருந்தால் வண்டி ஆயுள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகிக்கலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங் தேய்ந்திருக்கும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. முன்சக்கரங்களுக்கும் விசை போகிறதா என்று உழுத நிலத்தில் ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது. ஃபோர் வீல் கியர் விழாத ஜீப்பை ஜீப் விலைக்கு வாங்குவானேன்?

வாங்கும் விலையோடு இன்னொரு பங்காவது செலவுக்கு ஒதுக்காமல் இறங்கக் கூடாது. வேலையிலும் வர்ணம் கடைசி. முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங், பிறகு வயரிங். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. கட்டைகளை முட்டுக் கொடுத்த பின்பே நுழைய வேண்டும். பெட்ரோல் டாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் வைக்க விடக் கூடாது.

டயரில் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்பின் 6.00-16 அளவுதான் பல டிராக்டர்களின் முன்சக்கர அளவும். அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரிலேயே டயர்த் தொழிற்சாலை இருக்கும்போது டயருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். ஆயினும் டிராக்டர் முன்டயர் மெதுவான ஓட்டத்துக்கு ஆனது. அளவு பொருந்துகிறதே என்று அதை மாட்டிக்கொண்டு தார்ச் சாலையில் வேகமாகப் போவது ஆபத்து.

ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருப்பதால், இருக்கைக்குத் தோல் போடலாமே என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவார். அப்பக்கத்துத் தோலில் பெரும்பங்கு காலணிக்கானது. மழையும் வெயிலும் நேரே விழும் திறந்த வண்டியில் அது பூஞ்சணம் பிடிக்கும், வெடிக்கும். கெட்டியான படுதாத் துணியே போதும். போர்க்கால ஜீப்பில் இருந்ததும் அதுதான்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட வேண்டும். மாதக் கணக்கில் நிற்கப் போகும் வண்டியின் டாங்கியிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது. பாட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். நிலக்கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டாம். கடலைக்கு வரும் எலி புது வயரிங்கையும் சேர்த்தே கடித்துவிட்டுப் போகும்.