கூண்டைத் திறந்தால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்தில் விளங்கும் கிளியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாள்தோறும் இலைகளால் புதிதாகப் புனையப்படுவது அது. நான் பேச வந்தது உயிருள்ள கிளிகளைப் பற்றி.

இடருற்ற உயிரை மீட்டு விடுவித்தல் பௌத்தர் போற்றும் அறங்களுள் ஒன்று. சீனர் அதனை ‘ஃபாங்ஷெங்’ என்பர். சாத்தனாரின் மணிமேகலையிலும் அதற்குச் சான்று உண்டு. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவின் கதறலைக் கேட்ட ஆபுத்திரன், மறைந்திருந்து, இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு சென்றான். அகப்பட்டான், அடிபட்டான், ஊராரால் விலக்கப்பட்டான். பின்னர் மதுரை சேர்ந்து, ஐயமேற்ற உணவைக் கண்ணிலார்க்கும் முடவர்க்கும் அளித்து, எஞ்சியதையே தான் உண்டான். அப்பசுவுக்கு அவன் கொடுத்த விலை காசன்று, இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அசோகர், முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லலாகா உயிர்களைப் பெயர் சுட்டி அடுக்குகிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பது கிளி.

இவற்றையெல்லாம் வகுப்பில் உருக்கமாகச் சொன்னதன் விளைவை நானே அனுபவித்தேன். பல்லாண்டுகளுக்கு முன் இராசபாளையத்தில் ஒருவன் கிளிகளைக் கூண்டில் வைத்து விற்றான். மாணவர்கள் காசு திரட்டினர். நானும் சேர்த்துக் கொடுத்தேன். ஐந்து கிளிகளை வாங்கிப் புளியமரத்தடியில் திறந்துவிட்டோம். அவை பறக்கவில்லை. சிறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. காகங்கள் சூழ்ந்துகொண்டன, ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. அடுத்த வாரம் அவ்வியாபாரி பத்துக் கிளிகளுடன் பள்ளி வாயிலிலேயே வந்து நின்றான்! நாங்கள் கொடுத்த காசு புதிய வலைக்கு விலையாயிற்று என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

பிற நாடுகளிலும் இதுவே நிகழ்கிறது. விடுவிப்பார் உளர் என்பதனாலேயே பறவைகள் பிடிக்கப்படுகின்றன. பிடிபட்டவற்றுள் பல கூண்டிலேயே மடிகின்றன. அமெரிக்க மண்ணுக்குரிய செங்காது ஆமையைத் தைவான் நீர்நிலைகளில் விடுவித்தனர். அது பெருகி, உள்நாட்டு ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாயிற்று. அயலிடத்து மீனை நம் கண்மாயில் விடுதலும் இத்தகையதே.

நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தலைமையாசிரியனாகிய நான் அதனை அறியாதிருந்தேன். சொல்லவே நாணமாக இருக்கிறது. கூண்டுக் கிளியைக் கண்டால் காசு கொடாமல் வனத்துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக விளங்குவதால், நம் பகுதியினர்க்கு அத்துறை தொலைவில் இல்லை.

எஞ்சிய அவ்வொரு கிளியை மறுநாளே வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். அதற்குச் சிறகு முளைக்கப் பல மாதங்கள் ஆயின.