பேருந்துப் பலகையிலிருந்து புத்தகத்துக்கு

மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தடையின்றிச் சொல்லிவிடுவார். அதே பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் நின்றுவிடுவார். அவர் சொன்னது மனப்பாடம், வாசிப்பு அல்ல. தொடக்க வகுப்பில் இது கண்ணில் படாமல் போனால், ஆறாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் அவருக்கு எட்டாது. அதற்குள் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கப் பழகியிருப்பார்.

2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தந்த அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் எனக்குப் பிடித்தது, குழந்தை எந்த வகுப்பு என்பதைவிட எங்கே நிற்கிறது என்று பார்க்க வைப்பதுதான். அரும்பிலேயே தேங்கும் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கவனித்தால் ஒன்று புரியும். 247 என்ற எண்ணிக்கை அவர்களுக்குப் பெரிய தடை அல்ல. குறிகள் நிற்கும் இடமே தடை. 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலிப்பதோ மெய்க்குப் பின்னால். 'தோ' என்பதில் இரட்டைக்கொம்பு ஒருபுறம், துணைக்கால் மறுபுறம். கண் போகும் வரிசை வேறு, வாய் போகும் வரிசை வேறு. 'தே' என்று தொடங்கி, துணைக்காலைக் கண்டு திகைக்கும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று கடிவது நியாயமில்லை.

எங்கள் வடசேரிப் பிள்ளைகளுக்குப் பேருந்து நிலையம் பழகிய இடம். எனவே ஊர்ப்பெயர்களையே வாசிப்பு அட்டைகளாக்கினேன்: தோவாளை, தக்கலை, பூதப்பாண்டி, குலசேகரம், மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழி. இந்தப் பெயர்களின் ஒலி ஏற்கெனவே காதில் இருக்கிறது. எழுத்தை ஒலியோடு பொருத்துவது மட்டுமே மிச்சம்.

ஆனால் பலகையின் தோற்றத்தை வைத்தே பெயரைச் சொல்லிவிடும் சாமர்த்தியசாலிகள் உண்டு! ஆகவே அட்டையை வெட்ட வேண்டும். 'தோவாளை'யில் 'தோ'வை எடுத்தால் 'வாளை' மீன் கிடைக்கும். 'தக்கலை'யில் 'க்க'வை எடுத்தால் 'தலை'. 'தக்'கை எடுத்தால் 'கலை'. 'பூதப்பாண்டி'யில் பூவும் உண்டு, பாண்டி விளையாட்டும் உண்டு. பிறகு துண்டுகளைக் கலைத்து, 'லைகத', 'ளைதோவா' என்று பொருளில்லாமல் அடுக்கி வாசிக்கச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். ஆனால் இதைச் சரியாக வாசிப்பவர் எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறார் என்பது உறுதி. மனப்பாடம் இங்கே உதவாது.

'குலசேகரம்' இன்னொரு வகையில் நல்ல சொல். முதலில் வரும் ககரம் வன்மையாகவும், நடுவில் வருவது மென்மையாகவும் ஒலிக்கும். இதற்கு விதி சொல்லித் தருவதில்லை. பெயரைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் தாமாகவே சரியாகச் சொல்கிறார்கள். பிறகு எழுத்தைக் காட்டினால் போதும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தோவாளை' என்பதைத் 'தோவாள' என்றும், 'வந்தார்கள்' என்பதை 'வந்தாவ' என்றும் வாசிக்கும் பிள்ளை பொருளை உணர்ந்துவிட்டது. அந்த இடத்தில் உடனே தவறு என்று வெட்டிவிட்டால் அடுத்த சொல்லுக்கு வாயே திறக்காது. முதலில் பாராட்டிவிட்டு, விடுபட்ட எழுத்தை விரலால் தொட்டுக் காட்டலாம்.

நாளொன்றுக்கு 3 பேரைத் தனியே வாசிக்க வைத்தால், 24 பேர் உள்ள வகுப்பில் 8 பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். ஒருவருக்கு 5 நிமிடம். யார் எந்தக் குறியில் தடுமாறினார் என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன், மதிப்பெண் இல்லை.

ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடவும் கூடாது. அவை தனிச்சொற்கள், வாசிப்பு தொடர்களில்தான் வளரும். துண்டு அட்டைகளைத் தடுமாறாமல் படித்த பிள்ளைக்கு, வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை' நிலைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, படத்தைப் பார்த்துக் கதையை ஊகிக்க விட்டு, பின்பு வரிகளுக்கு வருகிறோம். இப்போது ஒற்றெழுத்துகளுக்காகக் கனகமூலம் சந்தைக்குப் போயிருக்கிறோம்: 'மடி'யும் 'மட்டி'ப் பழமும் இந்த வார அட்டைகள்.