ஷிப்டுக்குப் போகும் அத்தாவும் நாலு வயதுப் பிள்ளையும்

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பெனிதான். 1990-களின் இறுதியில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலைகளும் பின்னாலேயே வந்தன. அல்ஹம்துலில்லாஹ், பல வீடுகளில் அடுப்பு எரிய அதுவே காரணம். கூடவே ஷிப்டும் வந்தது.

காலை ஷிப்டுக்காகக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அத்தா கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஷிப்டு முடிந்து வரும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்டு வாரம் இன்னும் மோசம். பகலெல்லாம் அத்தா வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் "சத்தம் போடாதே, அத்தா தூங்குறாங்க" என்பதுதான் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அத்தா என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அது புரிந்துகொள்கிறது.

மதீனாவின் பொறுப்புகள் அனைத்தையும் சுமந்த நபி (ஸல்) அவர்கள், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைரிடம் அவர் வளர்த்த சிறு குருவியைப் பற்றி விசாரித்த செய்தி புகாரியில் உள்ளது. அதற்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? ஆனால் பேசியது அந்தப் பிள்ளையின் குருவியைப் பற்றி. நாமோ வீட்டுக்குள் நுழைந்ததும் "சாப்பிட்டியா, ஓதினியா, ஹோம்வொர்க் முடிச்சியா" என்று சூப்பர்வைசரைப் போல் கேட்கிறோம். அதுவும் கண் செல்போனில் இருக்க! பத்து நிமிடம்தான் கிடைக்கிறதென்றால் போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பிள்ளை கீழே உட்கார்ந்திருந்தால் நீங்களும் கீழே உட்காருங்கள்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் நபிவழியில் வழி இருக்கிறது. பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே அவர்கள் தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். (பள்ளிவாசலில் பிள்ளைகளை முறைக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.) செய்கிற வேலையில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதே போதும். ஒளூ செய்யும்போது பக்கத்தில் நின்று அதுவும் கை கால் கழுவட்டும். பைக் துடைக்கும்போது ஒரு துணியைக் கொடுங்கள். வேலை தாமதமாகும், ஆகட்டும்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. சட்டப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். உங்கள் எச்.ஆரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இன்னொன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு 'அடுத்த வாரம்' என்றால் புரியாது. காலண்டரில் பகல் ஷிப்டு நாளுக்குச் சூரியனும், நைட் ஷிப்டு நாளுக்கு நிலாவும், லீவு நாளுக்குப் பிள்ளையே விரும்பும் ஒரு படமும் அதன் கையாலேயே வரைய விடுங்கள். அந்த லீவு நாளில் ஓ.டி.க்குக் கூப்பிட்டால், பதில் சொல்லும் முன் அந்தப் படத்தை ஒரு முறை பாருங்கள்.